உழவு இயந்திரத்தின் சுக்கான் கனப்பது ஏன்?



காலபோக விதைப்புக்காக வயல்களை உழும் நாட்களில் எம்மிடம் அடிக்கடி வரும் முறைப்பாடுகளுள் ஒன்று, பழைய நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் சுக்கானைப் பற்றியது. “சுக்கான் கனக்கிறது, தோள் உளைகிறது, பம்பி பழுதாகிவிட்டது” என்று சொல்வார்கள். முதல் இரண்டும் உண்மையாகவே இருக்கும். மூன்றாவது, ஆராயாமல் சொல்லப்படும் தீர்ப்பு. பம்பியை மாற்றுவது பெருஞ் செலவு. அதை மாற்றிய பின்னரும் சுக்கான் முன்போலவே கனத்தால், செலவழித்த பணத்தைத் திருப்பித் தருவார் எவருமில்லை. ஆகவே, சாரதிகள் ‘பவர் ஸ்ரியறிங்’ என்று வழங்கும் வலுச் சுக்கானில் கோளாறு தோன்றினால் எங்கே தொடங்கி எவ்வாறு தேட வேண்டும் என்பதையே இங்கு கூற விரும்புகிறோம். தேடவேண்டிய ஒழுங்கு இதுதான்: நிலத்தைத் தொடும் சில்லில் தொடங்குங்கள், பம்பியைக் கடைசியாகப் பாருங்கள்.

இந்தப் பொறி வேலை செய்யும் விதத்தை முதலில் அறிந்துகொள்வது நல்லது. எஞ்சின் ஓடும்போது பம்பி, தாங்கியிலுள்ள எண்ணெயை உறிஞ்சி அமுக்கத்துடன் அனுப்புகிறது. நீங்கள் சுக்கானைத் திருப்பும்போது அதன் தண்டின் அடியிலுள்ள வால்வு திறந்து, அந்த எண்ணெயை முன்னச்சோடு பூட்டப்பட்டிருக்கும் உருளையின் ஒரு பக்கத்துக்கு விடுகிறது. உருளைக்குள் இருக்கும் முசலம் தள்ளப்பட்டுச் சில்லுகளைத் திருப்புகிறது. மறுபக்கத்து எண்ணெய் வடிகட்டி வழியாகத் தாங்கிக்குத் திரும்பிவிடுகிறது. 1920களில் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் மோட்டார் வாகனங்களுக்கென ஆக்கிய முறையும், 1951 இல் கிறைஸ்லர் நிறுவனம் மோட்டார்க் கார்களில் விற்பனைக்குக் கொண்டுவந்த முறையும் எண்ணெய் அமுக்கத்தைக் கொண்டே இயங்கின. உங்கள் முற்றத்தில் நிற்கும் மசி பேர்குசனிலும் தத்துவம் அதுவே.

ஆனால் அமைப்பில் இரண்டு வகை உண்டு. உங்களுடையது எவ்வகை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சுக்கான் தண்டின் அடியில் பற்சில்லுப் பெட்டியும், அங்கிருந்து முன் சில்லுவரை இரும்புக் கோலும் இருந்தால், எண்ணெய் உங்கள் கைக்கு உதவி மாத்திரமே செய்கிறது. கோல் எதுவுமின்றிக் குழாய்கள் மாத்திரம் சென்றால், சில்லைத் திருப்புவது முழுவதும் எண்ணெயின் வேலை. இரண்டாம் வகையில் எஞ்சின் நின்றுவிட்டால் உங்கள் கைபலமே பம்பியின் வேலையைச் செய்யும். அப்போது சுக்கான் மிகவும் கனக்கும், ஆயினும் திரும்பும். குழாய்களில் எண்ணெயே இல்லையெனின் திரும்பவும் மாட்டாது. வெலிமடை, நுவரெலியாப் பக்கங்களில் மரக்கறி ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்கும் சாரதிகள் இதை மறக்கலாகாது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது டீசலை மிச்சம்பிடிக்க எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரிவில் உருளவிட்ட சிலரை நாம் அறிவோம். மிச்சமாகும் டீசல் ஒரு போத்தல்கூட வராது. வளைவொன்றில் சுக்கான் திரும்பாவிட்டால் போவது உயிர்.

இனித் தேடும் முறைக்கு வருவோம். எஞ்சினை நிறுத்தி, இயந்திரத்தைச் சமநிலத்தில் விட்டு, கைத்தடையைப் போட்டு, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முதலில் முன் ரயர்களின் காற்றைப் பாருங்கள். காற்றிறங்கிய ரயர் நிலத்தில் அகலமாகப் படியும். அதைத் திருப்ப இரட்டிப்பு வலு வேண்டும். 6.00-16 அளவுள்ள முன் ரயர்களுக்குப் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 28 முதல் 36 இறாத்தல்வரை காற்று இருக்கும். உங்கள் இயந்திரத்தின் கைநூல் வேறு அளவு கூறினால் அதையே கொள்ளுக. பின் சில்லுக்கு அடிக்கும் குறைந்த காற்றையே முன் சில்லுக்கும் அடித்துவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அது கூடாது. இரண்டு முன் ரயர்களும் ஒரே அளவும் ஏறக்குறைய ஒரே தேய்வும் உள்ளவையாக இருத்தல் வேண்டும். ஒன்று புதிதும் மற்றது வழுக்கையுமாக இருந்தால் சுக்கான் ஒரு பக்கம் இழுக்கும். அந்த இழுப்புக்கு எண்ணெய் பொறுப்பல்ல.

அடுத்து முன்னச்சின் நடுவில் ஜக் வைத்து இரண்டு முன் சில்லுகளையும் நிலத்திலிருந்து உயர்த்துங்கள். உயர்த்தியதும் அச்சின் கீழ் இரு பக்கமும் உறுதியான மரக்கட்டை வைக்காமல் கீழே எவரும் குனியக் கூடாது. ஜக்கை நம்பிக் கீழே படுப்பது எக்காலத்திலும் தவறு. பின்னர் உருளையை, அல்லது இழுகோலை, சில்லின் கையோடு இணைக்கும் மூட்டைக் கழற்றிவிட்டு, சில்லுகளைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். ஒருவர் ஒரு கையால் தள்ளும்போது அவை இறுக்கமின்றிச் சுழன்று திரும்பவேண்டும். திரும்பாமல் முறுகினால், சுக்கான் கனத்ததன் காரணம் எண்ணெயில் இல்லை. சில்லு திரும்பும் நிலைத்தண்டு, அதாவது கிங் பின், உலர்ந்தோ துருப்பிடித்தோ போயிருக்கிறது. இந்த ஒரு சோதனை அரைமணி நேரத்து வேலை. ஆனால் கோளாறு இரும்பிலா எண்ணெயிலா என்பதை இதைப்போலத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் சோதனை வேறில்லை.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர், சுக்கான் கனக்கிறதென்று பம்பியை மாற்றினார். பின்னர் குழாய்களையும் மாற்றினார். சிறிதும் குணமில்லை. மூன்றாம் முறையாகச் சுக்கான் வால்வையே மாற்றும்படி ஆலோசனை கிடைத்தபோது எம்மிடம் வந்தார். நாம் மேலே கூறியவாறு மூட்டைக் கழற்றிச் சில்லைத் தள்ளினோம். இருவர் சேர்ந்தும் இடப்பக்கத்துச் சில்லு அசையவில்லை. தண்டைக் கழற்றியபோது அதன் கீழ்த் தாங்குவளையத்தில் கிறீஸ் என்ற பொருளே இல்லை. செங்கல் நிறத்தில் துரு மாத்திரம் இருந்தது. “கிறீஸ் அடித்தேனே, ஐயா” என்று அவர் சொன்னது பொய்யல்ல. சில்லு நிலத்தில் பாரம் தாங்கி நிற்கும்போது அடித்தால், கிறீஸ் இலேசான வழியில் மேலால் வெளியேறிவிடும். அமுங்கிய வளையத்துக்குள் போகாது. ஆதலால் முன்னச்சை உயர்த்திவைத்து, சில்லை இருபக்கமும் திருப்பித் திருப்பி, பழைய கிறீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அடிக்க வேண்டும். சேற்றுழவு நாட்களில் ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் அடிப்பது அதிகமன்று; புதுக் கிறீஸ் உள்ளிருக்கும் சேற்று நீரை வெளியே தள்ளிவிடும்.

சில்லு உயர்ந்திருக்கும்போதே மூட்டுகளையும் பார்த்துவிடுங்கள். ஒருவர் சுக்கானைச் சிறிது சிறிதாக ஆட்ட, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்த்தால், தேய்ந்த மூட்டு கையில் தட்டும். சில்லு நேராக நிற்கையில் சுக்கான் வளையம் ஓரிரண்டு அங்குலத்துக்கு மேல் வெறுமையாக ஆடினால் மூட்டுகளையே முதலில் சந்தேகியுங்கள். சுக்கான் தண்டின் நடுவே வளைமூட்டு இருக்கும் இயந்திரங்களில் அது துருப்பிடித்தால், ஒரு சுற்றில் ஓரிடத்தில் கனத்து, அடுத்த இடத்தில் இலேசாகி, மீண்டும் கனக்கும். இவ்வாறு ஒழுங்காகக் கனத்து விடும் சுக்கானுக்கு அந்த மூட்டில் சிறிது எண்ணெய் விடுவதே போதிய மருந்தாக அமைவதுண்டு.

சில்லும் மூட்டும் சரியெனக் கண்ட பின்னரே எண்ணெயிடம் வரவேண்டும். சில இயந்திரங்களில் சுக்கானுக்குத் தனித் தாங்கி உண்டு. சிலவற்றில் பின்புறப் பெட்டியின் எண்ணெயே அதற்கும் போகிறது. மூடியைத் திறக்குமுன் சுற்றிலுமுள்ள சேற்றை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தால் அது பம்பியையும் வால்வையும் அராவிவிடும். எண்ணெயின் அளவைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் அதன் நிறத்தையும் மணத்தையும் கவனியுங்கள். பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது; அச்சுவரை நீரில் இறங்கி உழும் வயல்களில் இது புதுமையன்று. நுரைத்திருந்தால் காற்று புகுகிறது. கருகிய மணம் வீசினால் எண்ணெய் மிதமிஞ்சிச் சூடேறியிருக்கிறது. தண்ணீர் புகுந்த எண்ணெயைத் தெளியவைத்து மீண்டும் ஊற்றுவது சிக்கனமன்று. முழுவதையும் வடித்து, வடிகட்டியையும் மாற்றி, கைநூல் குறிப்பிடும் வகை எண்ணெயையே நிரப்ப வேண்டும். கைக்குக் கிடைத்ததென்று பிறேக் எண்ணெயை ஒருபோதும் ஊற்ற வேண்டாம். அது இங்குள்ள றப்பர் வளையங்களை வீங்கவைத்துக் கெடுத்துவிடும்; அதன்பின் பம்பி, வால்வு, உருளை ஆகிய மூன்றையும் பிரிக்க நேரும்.

எண்ணெய் குறைந்திருந்தால் அது எங்கோ போயிருக்க வேண்டும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தப் பேச்சில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள். முன் ரயரில் உள்ள காற்று 30 இறாத்தல் என்றால், சுக்கானைத் திருப்பும்போது குழாயில் எண்ணெய் 1000 முதல் 2000 இறாத்தல்வரை அமுக்கத்தில் நிற்கிறது. ஊசித்துவாரம் போன்ற வெடிப்பிலிருந்து பீறும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவித் தேடுவோரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் முள் குத்தியதுபோலச் சிறிதாக இருக்கும். தொடக்கத்தில் நோவும் அதிகமிராது. சில மணி நேரத்தில் விரலும் கையும் வீங்கித் தசை அழுகத் தொடங்கும்; விரலை, சில வேளை கையையே, வெட்ட நேர்ந்திருக்கிறது. ஆகவே ஒழுக்கைத் தேடும்போது குழாய்க்கு அருகே ஒரு துண்டுக் காட்போட்டைப் பிடியுங்கள். எண்ணெய் பட்ட இடம் அதில் ஈரமாகும். தோலில் பட்டுவிட்டால் வீட்டு மருந்து வேண்டாம். ‘அமுக்கத்திலிருந்த எண்ணெய் உள்ளே போய்விட்டது’ என்று தெளிவாகச் சொல்லி, சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு அப்பொழுதே போகவேண்டும். குழாயைக் கழற்றுவதாயின் எஞ்சினை நிறுத்தி, சுக்கானை இருபக்கமும் சில முறை திருப்பி அமுக்கத்தை இறக்கிய பின்பே கழற்றுங்கள்.

வெளியே எண்ணெய் ஒழுகாமலே கெடுதல் செய்யும் துவாரமும் உண்டு. தாங்கிக்கும் பம்பிக்கும் இடையிலுள்ள உறிஞ்சுகுழாயில் அமுக்கம் இல்லை, இழுப்பே உண்டு. அதன் இறுக்குவளையம் தளர்ந்தால் எண்ணெய் வெளிவராது, காற்று உள்ளே போகும். அப்போது பம்பி முனகும், சுக்கான் துடித்துத் துடித்துத் திரும்பும், தாங்கியில் நுரை நிற்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, விசிறியிலும் பட்டியிலும் கை படாதபடி, அந்தக் குழாயின் மூட்டுகளில் ஒவ்வொன்றாகக் கனமாகக் கிறீஸைப் பூசுங்கள். எந்த மூட்டில் பூசியதும் முனகல் குறைகிறதோ அதுவே காற்றுப் புகும் வழி. அதை இறுக்கினாலோ, சில நூறு ரூபாவுக்கு ஒரு வளையம் வாங்கிப் போட்டாலோ வேலை முடிந்தது. பம்பி முனகுகிறதென்று கழற்றப்பட்ட பம்பிகளுள் எத்தனை இந்த வளையத்தின் பிழைக்காகக் கழற்றப்பட்டனவோ!

காற்று புகுந்தபின் அதை வெளியேற்றவும் வேண்டும். தாங்கியை நிரப்பி, முன் சில்லுகளை முன்போல உயர்த்திக் கட்டை வைத்து, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகப் பல முறை திருப்புங்கள். இடையிடையே எண்ணெயைப் பார்த்து நிரப்புங்கள். நுரை அடங்கும்வரை இதைச் செய்க. கோடியில் வந்து முட்டியதும் பிடித்து வைத்திருக்க வேண்டாம். அங்கே கேட்கும் சீறல், மிகை அமுக்கத்தை விடுவிக்கும் வால்வின் ஒலி, அது கோளாறன்று. ஆனால் ஐந்து விநாடிக்கு மேல் அவ்வாறு பிடித்தால் எண்ணெய் கொதிக்கத் தொடங்கும். வரம்போரத்தில் திரும்பும்போது சுக்கானைக் கோடியில் இறுக்கிப் பிடித்தபடியே சுற்றுவோர் தம் பம்பியைத் தாமே தின்கிறார்கள்.

பம்பி பட்டியால் ஓடும் வகையாயின், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பட்டியின் நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். ஏறக்குறைய அரை அங்குலம் அமிழலாம். அதற்கு மேல் தளர்ந்தால், அல்லது பட்டியில் எண்ணெய் பட்டிருந்தால், திருப்பும் வேளையில் அது வழுக்கிக் கீச்சிடும். சுக்கானும் அந்த நேரத்தில் மாத்திரம் கனக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குணமாகாவிட்டால், இயந்திரம் காட்டும் குறிகளைக் கவனியுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இருபக்கமும் கனத்து, வேகத்தைக் கூட்டியதும் இலேசானால் பம்பி தேய்ந்திருக்கலாம், அல்லது மிகை அமுக்க வால்வு மூடாமல் நிற்கலாம். ஒரு பக்கம் மாத்திரம் கனத்தால் பம்பி குற்றவாளியன்று, ஏனெனில் இரு பக்கத்துக்கும் எண்ணெய் தருவது ஒரே பம்பி. உருளையையோ சுக்கான் வால்வையோ பார்க்க வேண்டும். குழாய் மாத்திரம் உள்ள வகையில், சில்லு கோடியில் முட்டிய பின்னரும் சுக்கான் இலேசாகச் சுழன்றுகொண்டே போனால், முசலத்தின் வளையம் தேய்ந்து எண்ணெய் உள்ளுக்குள்ளேயே மறுபக்கம் கசிகிறது. சுக்கான் வால்வு தேய்ந்தாலும் இவ்வாறு நேரும். நேரான வீதியில் போகும்போது சுக்கானைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போகவேண்டியிருப்பதும் இதன் அறிகுறியாகலாம். இந்த நிலையில் அமுக்கமானி உள்ள ஒரு மெக்கானிக்கிடம் போவதே முறை. மானியைப் பூட்டிப் பார்க்காமல் பம்பியை மாற்றச் சொல்பவரிடம், முதலில் அளந்து காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். மிகை அமுக்க வால்வின் திருகாணியை இறுக்கிச் சுக்கானை இலேசாக்கித் தருவதாகச் சொல்பவரிடம் இயந்திரத்தைக் கொடுக்கவே வேண்டாம். குழாய் வெடிப்பது அதன் விளைவு.

உருளையின் வளையங்கள் எமது வயல்களில் விரைவில் கெடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. உருளையிலிருந்து வெளியே வந்து போகும் பளபளப்பான தண்டில் சேறு காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் காலை சுக்கானைத் திருப்பியதும் அந்தக் காய்ந்த சேறு அரத்தைப்போல வளையத்தை அராவுகிறது. வைக்கோலும் நைலோன் கயிறும் தண்டில் சுற்றிக்கொண்டு வளையத்தின் விளிம்பை வெட்டுவதும் உண்டு. மாலையில் வாய்க்கால் நீரில் சில்லைக் கழுவும்போது இந்தத் தண்டையும் கழுவி, துணியால் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். தண்டில் துருக்குழி விழுந்துவிட்டால் புது வளையம் போட்டும் பயனில்லை; சில நாட்களில் அதுவும் கிழியும். தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சுக்கான் இலேசாகத் திரும்பியும் இயந்திரம் திரும்பாமல் நேரே போகும் வேளையும் உண்டு. அதைச் சுக்கானின் கோளாறாகக் கொள்ள வேண்டாம். சுழல் கலப்பை போன்ற பாரமான கருவி பின்னால் தொங்கும்போதும், பெட்டியில் நெல் மூட்டைகளைக் கொக்கிப் பக்கமாகக் குவித்து ஏற்றும்போதும் முன் சில்லுகள் நிலத்தை இலேசாகவே தொடுகின்றன. முன்னால் பாரக்கட்டிகள் பூட்டுங்கள். பெட்டியில் பாரத்தை அச்சின் மேல் சரிசமமாகப் பரப்புங்கள். வயலில் இடது, வலது பிறேக்கைத் தனித்தனியே மிதித்துத் திருப்பலாம். வீதிக்கு ஏறுமுன் இரண்டு மிதிகளையும் கொளுவியால் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும்.

2020 ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் பழைய இயந்திரங்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியதை நீங்கள் அறிவீர்கள். உதிரிப்பாகம் வாங்கும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், இலக்கத்தையும் அளவையும் ஒப்பிட்டு வாங்குங்கள். குழாயாயின், அதில் பொறித்திருக்கும் அமுக்க அளவு பழையதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் குழாயைக் கம்பியால் கட்டி ஒப்பேற்றுவது ஒருநாளும் தகாது.

திருத்தம் முடிந்ததும், கழற்றிய மூட்டின் நட்டில் காவல் ஊசி போடப்பட்டுள்ளதா என்று கண்ணால் பாருங்கள். பெட்டியைக் கொளுவாமல், ஆளில்லாத வெளியில் முதலாம் கியரில் இடமும் வலமும் வட்டமிட்டு ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை எஞ்சினை இயக்குமுன் தாங்கியின் எண்ணெயை இன்னொரு முறை அளந்து, இயந்திரம் நின்ற இடத்தில் நிலம் ஈரமாக உள்ளதா என்றும் பார்த்த பின்னர் வயலுக்கு இறக்கலாம்.